இதற்கு என்ன பெயர் வைப்பது?

"பாப்பாரப்பட்டிக்குப் போய் வந்தேன்" என்று சொன்னால் சென்னையில் பலர், "அது எங்கே இருக்கிறது?" என்று கேட்கிறார்கள். யாரோ ஒருவர் மட்டும், "சுப்பிரமணிய சிவா உயிர் நீத்த ஊர் அல்லவா?" என்கிறார். அந்த ஒருவருக்கு என் நமஸ்காரம்!

ஆனால் நான் இப்போது எழுத வந்தது சிவாவைப் பற்றி அல்ல. ஓர் இசைத்தட்டைப் பற்றி. பாட்டே இல்லாத ஓர் இசைத்தட்டு அது. அந்த ஊரில் வாழ்க்கைப்பட்ட என் அத்தை முப்பது வருஷங்களுக்கு மேலாக அதை விடாமல் கேட்டு வருகிறாள். அவளைப் பற்றியும்தான்.

இந்த விஷயம் பிரான்சு தேசத்தில் ஆரம்பமாகிறது. பாப்பாரப்பட்டிக்கும் பிரான்சுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? சம்பந்தம் பண்ணி வைத்தவன் என் மகன்.

* * *

கோடை விடுமுறைக்கு அத்தை வீட்டுக்குப் போயிருந்தோம். தர்மபுரியில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். மாந்தோப்பு, புளிய மரம், கேழ்வரகுக் கொல்லை என்று மாறி மாறி வரும் வழி. நாங்கள் போன சமயம் தாழ்வாரத்தில் புளி குவிந்து கிடந்தது. அத்தை கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். நானும் கூட உட்கார்ந்தேன்.

என் மகன் காலேஜில் படிப்பவன். இந்தக் காலத்துப் பிள்ளைகளின் வழக்கப்படி இரண்டு காதிலும் எதையோ செருகிக்கொண்டு, தூணில் சாய்ந்து தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தான். கூப்பிட்டால் பதில் இல்லை. அத்தை கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஏண்டா கண்ணு, தனியாவே கேட்டா எப்படி? எங்களுக்கும் கொஞ்சம் வையேன்" என்றாள்.

"உங்களுக்குப் பிடிக்காது பாட்டி. இது ராக்."

"புளி கொட்டை எடுக்கிறதுகூடத்தான் எனக்குப் பிடிக்கலே. எடுக்கலையா?"

பையன் தோற்றுப் போனான். காதிலிருந்ததைக் கழற்றிவிட்டுச் செல்போனைத் திண்ணைமேல் வைத்தான். அடுத்த நிமிஷம் தாழ்வாரம் அதிர்ந்தது. முரசு போல ஓர் அடி. அதற்கு மேல் ஆண்களும் பெண்களுமாக ஒரு கூட்டமே சேர்ந்து ஏதோ ஆவேசமாக ஓதுகிறது. கொட்டிலில் இருந்த பசு ஒரு தரம் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் அசை போடத் தொடங்கியது.

"என்ன பாஷைடா இது?" என்று அத்தை கேட்டாள்.

"பிரெஞ்சுக்காரங்க பாட்டி. ஆனா பாஷை பிரெஞ்சு இல்லை. அவங்களே உண்டாக்கின பாஷை."

அவன் சொன்னது விளையாட்டு அல்ல. 'மாக்மா' என்பது அந்தக் குழுவின் பெயர். கிறிஸ்டியன் வாண்டேர் என்னும் டிரம் வாத்தியக்காரர் 1969-ல் பாரிஸ் நகரில் அதைத் தொடங்கினார். பூமியை விட்டுப் புறப்பட்டுப் போய் 'கோபையா' என்ற வேறொரு கிரகத்தில் குடியேறும் ஜனங்களைப் பற்றி அவர் ஒரு கதை கட்டினார். அந்த ஜனங்கள் பேசுவதற்காக ஒரு பாஷையையும் உண்டாக்கினார். 1973-ல் வெளிவந்த 'மெகானிக் டெஸ்ட்ருக்டிவ் கொமாண்டோ' என்ற இசைத்தட்டைத்தான் என் மகன் வைத்தது. ஏழு பகுதிகள். ஒன்றன் வாலை மற்றொன்று பிடித்துக்கொண்டு ஏறக்குறைய நாற்பது நிமிஷம் ஓடும்.

"அப்போ அர்த்தம் தெரியாமலேதான் எல்லாரும் கேக்கறாங்களா?"

"ஆமாம் பாட்டி. அம்பது வருஷமா."

அத்தை கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்து உள்ளே போனாள். திரும்பி வரும்போது ஒரு பழைய டேப் ரிக்கார்டரும், மூலை உடைந்த ஒரு கேஸட் பெட்டியும் கொண்டு வந்தாள்.

"நீ பாஷை புரியாத பாட்டைக் கேக்கறே. நான் பாஷையே இல்லாத பாட்டைக் கேக்கறேன்" என்றாள்.

* * *

அந்தக் கேஸட்டின் பெயர் 'ஹௌ டு நேம் இட்?' தமிழில் சொன்னால், 'இதற்கு என்ன பெயர் வைப்பது?' இளையராஜா 1986-ல் வெளியிட்டது.

அவர் பெயரைச் சொன்னால் நம் வீடுகளில் உடனே நினைவுக்கு வருவது சினிமாப் பாட்டுத்தான். 1976-ல் 'அன்னக்கிளி' வந்தது. அடுத்த பத்து வருஷத்தில் அவர் பாட்டு ஒலிக்காத டீக்கடை இல்லை, கல்யாணப் பந்தல் இல்லை. அப்படிப்பட்டவர் சினிமாவுக்கு என்று அல்லாமல், பாடகர் இல்லாமல், ஒரு வரி சாகித்யம்கூட இல்லாமல், வெறும் வாத்தியங்களை வைத்துப் பத்து உருப்படிகள் செய்து ஓர் ஆல்பமாக வெளியிட்டார்.

'ஆல்பம்' என்றால் நமக்குக் கல்யாணப் போட்டோ ஆல்பம்தானே ஞாபகம் வரும்? இரண்டுக்கும் உறவு உண்டு. நம் பாட்டனார் காலத்து கிராமபோன் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிஷச் சங்கீதம்தான் அடங்கும். பெரிய உருப்படி என்றால் நாலைந்து தட்டுகள் வேண்டும். அந்தத் தட்டுகளை உறை உறையாகத் தைத்து, போட்டோ ஆல்பத்தைப் போலவே கெட்டி அட்டை போட்டு விற்றார்கள். அதற்குத்தான் ஆல்பம் என்று பெயர். 1948-ல் அமெரிக்காவில் நீண்ட நேரம் ஓடும் இசைத்தட்டு வந்தது. ஒரு பக்கத்துக்கே இருபது நிமிஷத்துக்கு மேல் பிடித்தது. நாலைந்து தட்டுகள் ஒரே தட்டாயின. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

அதன் பிறகு சங்கீதக்காரர்களுக்கு ஒரு புது யோசனை வந்தது. சபையில் நடந்த கச்சேரியைப் பிடித்து வைப்பதாக அல்லாமல், தனித்தனிப் பாட்டுகளை மூட்டை கட்டுவதாகவும் அல்லாமல், ஸ்டூடியோவில் கதவைச் சாத்திக்கொண்டு, வீட்டில் உட்கார்ந்து கேட்கிறவருக்காகவே முதலிலிருந்து முடிவுவரை ஒரே படைப்பாக ஏன் செய்யக் கூடாது? மேல்நாட்டு ராக் குழுக்கள் 1960-களின் பிற்பகுதியிலிருந்து இதில்தான் இறங்கின. மாக்மா செய்தது அதுதான். நம் இளையராஜா செய்ததும் அதுதான். ராகம் வேறு, தாளம் வேறு, தேசம் வேறு. ஆனால் கேட்கிறவரிடம் இரண்டு பேரும் கேட்பது ஒன்றே. "கொஞ்ச நேரம் வேறு வேலை எதையும் செய்யாமல் உட்காருங்கள்."

அந்த ஒன்றைத்தான் நம் வீட்டுப் பெண்களால் எளிதில் கொடுக்க முடிவதில்லை!

* * *

கேஸட் அத்தை வீட்டுக்கு வந்த கதை வேடிக்கையானது. 1988 வாக்கில் என் அப்பா தர்மபுரிக் கடை ஒன்றில் இளையராஜா பெயரைப் பார்த்துவிட்டு, புதுப் படப் பாட்டு என்று எண்ணித் தங்கைக்கு வாங்கிக்கொண்டு போனாராம். இரவு சாப்பாடு ஆனதும் எல்லோரும் டேப் ரிக்கார்டரைச் சுற்றி உட்கார்ந்தார்கள். வயலின் கேட்டது. "முன்னிசை நல்லா இருக்கு, இப்போ பாட்டு வரும்" என்றார் மாமா. வரவில்லை. அடுத்ததிலும் வரவில்லை. கேஸட்டைத் திருப்பிப் போட்டார்கள். அந்தப் பக்கத்திலும் வரவில்லை! "கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்று தீர்ப்பாயிற்று. கேஸட் அலமாரிக்குப் போயிற்று.

சில மாதம் கழித்து ஒரு நாள் மத்தியானம் வீட்டில் யாரும் இல்லை. அத்தை அதை எடுத்துப் போட்டாள். அன்றைக்கும் புளிதான். "ரெண்டாவது உருப்படி வந்தப்போ கையிலே இருந்த கத்தியைக் கீழே வெச்சுட்டேன். அப்புறம் எடுக்கவே இல்லே" என்று என்னிடம் சொன்னாள்.

அன்று முதல் சாப்பாட்டுக் கடை முடிந்து, மாடு கறக்கும் நேரம் வரும் வரை உள்ள இடைவெளியில், அத்தை அந்தக் கேஸட்டைக் கேட்க ஆரம்பித்தாள். ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அரிசி பொறுக்கிக்கொண்டே கேட்கலாமே, பூத் தொடுத்துக்கொண்டே கேட்கலாமே? கேட்டுப் பார்த்தாளாம். "கை வேலை செஞ்சா காது வேலை செய்ய மாட்டேங்குது" என்று விட்டுவிட்டாள். வெறும் கையோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கேட்டாள்.

வந்தது வினை! மாமியார் பார்த்துவிட்டார். கூட்டுக் குடும்பம், எட்டுப் பேருக்குச் சமையல், நாலு மாடு. அந்த வீட்டில் ஒரு மருமகளின் கை சும்மா இருந்து யாரும் பார்த்ததில்லை. மாமியார் கோபித்துக்கொள்ளவில்லை. பயந்து போனார்.

"ஏம்மா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாராம்.

"நல்லாத்தான் இருக்கேன் அத்தை. பாட்டுக் கேக்கறேன்."

"பாட்டே காணோமே!"

இதற்கு என் அத்தையால் பதில் சொல்ல முடியவில்லை. உடம்பு சரியில்லாவிட்டால் மட்டுமே ஒரு பெண் சும்மா உட்காரலாம் என்பது சட்டம். காய்ச்சலும் இல்லாமல், பூஜையும் இல்லாமல், கையில் காரியமும் இல்லாமல் ஒருத்தி உட்கார்ந்தால் அதற்கு என்ன பெயர் வைப்பது?

* * *

அந்தக் கேஸட்டில் அப்படி என்னதான் இருக்கிறது?

அதை இளையராஜா இரண்டு மகான்களுக்குச் சமர்ப்பித்திருக்கிறார். ஒருவர் திருவையாற்றுத் தியாகராஜ சுவாமிகள். மற்றவர் ஜெர்மனி தேசத்து யோஹான் செபாஸ்டியன் பாக். இருவரும் ஒருவரை ஒருவர் அறியார். பாக் 1685-ல் பிறந்து 1750-ல் காலமானார். அதற்குப் பதினேழு வருஷம் கழித்து 1767-ல்தான் தியாகராஜர் பிறந்தார். அவர் சித்தியடைந்தது 1847-ல். வாழ்க்கையில் சந்திக்காத இந்த இருவரையும் சென்னை ஸ்டூடியோவில் வளர்ந்த ஒருவர் தம் வீட்டுக் கூடத்தில் சந்திக்க வைத்தார். ஓர் உருப்படிக்கே 'என் வீட்டில் பாக்கைச் சந்தித்தேன்' என்றுதான் பெயர். அடுத்த உருப்படியின் பெயர், 'பிறகு நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம்!'

நம் சங்கீதத்தில் பாட்டு ஒரே இழையாகச் செல்லும். பாடகர் முன்னே போவார். வயலின் நிழல் போலப் பின்னே வரும். மிருதங்கம் தாங்கிப் பிடிக்கும். பாக்கின் சங்கீதம் வேறு மாதிரி. அதில் ஒரே சமயத்தில் இரண்டு, மூன்று, நான்கு இழைகள் ஓடும். ஒவ்வொன்றும் தனிப் பாட்டு. ஒன்றுக்கொன்று இடிக்காது.

இது எப்படி முடியும் என்று திகைக்க வேண்டாம். பின்னல் கோலாட்டம் பார்த்திருப்பீர்களே? மேலே ஒரு வளையத்தில் கட்டிய கயிறுகளை ஆளுக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டு பெண்கள் ஆடுவார்கள். ஒருத்தி உள்ளே போவாள், ஒருத்தி வெளியே வருவாள். ஒவ்வொருத்தியும் தன் அடியைத்தான் வைக்கிறாள். ஆனால் அண்ணாந்து பார்த்தால் கயிறுகள் அழகான பின்னலாகியிருக்கும். பிறகு திரும்பி ஆடினால் பின்னல் அவிழும். பாக்கின் 'ஃபியூக்' என்பதும் இப்படிப்பட்ட பின்னல்தான். ஒரு குரல் ஒரு சொற்கட்டைச் சொல்லத் தொடங்கும். சிறிது தூரம் போனதும் இரண்டாவது குரல் அதே சொற்கட்டை வேறு ஸ்தாயியில் எடுக்கும். பிறகு மூன்றாவது வரும். முதல் குரல் அதற்காக வாயை மூடிக்கொள்ளாது. 'மேட் மாட் மூட் ஃபியூக்' என்று இளையராஜாவும் ஓர் உருப்படி செய்திருக்கிறார். என் அத்தை கத்தியைக் கீழே வைத்தது அங்கேதான்.

இன்னொரு விசேஷம். இந்த ஆல்பத்தில் கதாநாயகன் ஸ்தானம் வயலினுக்கு. வாசித்தவர் வி. எஸ். நரசிம்மன். பிற்காலத்தில் மெட்ராஸ் ஸ்டிரிங் குவார்டெட் என்ற நால்வர் குழுவை அமைத்தவர் இவர்தான். நம் கச்சேரி மேடையில் வயலின் என்றால் பெரும்பாலும் பக்கவாத்தியம். பாடகர் பாடியதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், அவர் நிறுத்தினால் நிறுத்த வேண்டும். இங்கே அது தன் பேச்சைத் தானே பேசுகிறது.

"இந்த வீட்டுக் கச்சேரியிலே நான் எப்பவும் பக்கவாத்தியம்தானே! அதனாலேதான் எனக்கு அந்த வயலினைப் பிடிச்சுது போலிருக்கு" என்று அத்தை சிரித்தாள். சிரித்துவிட்டுப் புளியை ஒரு பக்கமாக ஒதுக்கினாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

'என் வீட்டில் பாக்கைச் சந்தித்தேன்' என்பதில் பாக் தனி வயலினுக்காக எழுதிய ஒரு பழைய உருப்படியின் முகப்பு அப்படியே ஓடுகிறது. இளையராஜா அதைத் திருத்தவில்லை. விருந்தாளியைப் பேசவிட்டு, கூடவே தம் வாத்தியங்களைப் பேச வைக்கிறார். விருந்தோம்பல் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்!

பாக்கின் சொந்த வீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதல் மனைவி 1720-ல் காலமாகிவிட, மறு வருஷம் அவர் அன்னா மக்தலேனாவை மணந்தார். அந்த அம்மாள் நல்ல பாடகி. பதின்மூன்று குழந்தைகள் பெற்றார். அவர்களில் ஏழு பேரைச் சிறு வயதிலேயே பறிகொடுத்தார். இத்தனைக்கும் இடையில் கணவரின் இசைக் குறிப்புகளைத் தம் கையால் பிரதி எடுத்தார். பாக் செல்லோ வாத்தியத்துக்கு எழுதிய ஆறு உருப்படிகளின் மூலப் பிரதி காணாமல் போய்விட்டது. அன்னா மக்தலேனா எழுதி வைத்த பிரதியைத்தான் உலகம் இன்றைக்கும் முக்கிய ஆதாரமாகக் கொண்டிருக்கிறது. அவரோ கணவர் மறைந்து பத்து வருஷம் வறுமையில் உழன்று, பிறர் தர்மத்தில் காலம் தள்ளி 1760-ல் கண்ணை மூடினார். பிரதி எடுத்த கைக்கு ஓய்வு கிடைத்ததா, அந்த அம்மாள் ஒரு தரமாவது வெறும் கையோடு உட்கார்ந்து கேட்டாரா? யார் சொல்லப் போகிறார்கள்!

இளையராஜாவின் வீட்டிலும் ஒரு தாய் உண்டு. பண்ணைப்புரத்திலிருந்து சகோதரர்கள் சென்னைக்குப் புறப்பட்டபோது, தாயார் சின்னத்தாயம்மாள் வீட்டிலிருந்த ரேடியோவை விற்று அந்த 400 ரூபாயைக் கையில் கொடுத்து அனுப்பினார். இதை இளையராஜாவே பல தரம் சொல்லியிருக்கிறார். நாட்டுக்கே பாட்டுக் கொடுக்கப் போகிறவருக்காக ஒரு தாய் தன் வீட்டுப் பாட்டை நிறுத்திக்கொண்டார். சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேல்நாட்டுச் சங்கீதம் கற்ற மகன், பிற்பாடு டி. வி. கோபாலகிருஷ்ணனிடம் கர்நாடக சங்கீதமும் கற்றார். இரண்டு பாடங்களும் சேர்ந்துதான் இந்தக் கேஸட்டாக விளைந்தன.

* * *

உருப்படிகளின் பெயர்கள் எல்லாம் இங்கிலீஷில் இருக்கின்றன. பக்கத்து வீட்டு வாத்தியாரம்மாளிடம் கேட்டு, அத்தை ஒவ்வொன்றுக்கும் தமிழ் எழுதி வைத்திருக்கிறாள். கேஸட் பெட்டியின் உள்ளே மடித்து வைத்த காகிதம் இன்னும் இருக்கிறது. அதைப் பிரித்து எங்களுக்கு வியாக்கியானம் செய்தாள்.

"முதல்லே, 'இதற்கு என்ன பெயர் வைப்பது?' பொண்ணு பொறந்தாச்சு, பேர் வைக்கணும். அப்புறம் பார், 'நீ சுதந்திரமாக இருக்க முடியாது.' பெரியவளாயிட்டா! அடுத்தது வயலின் பாடம். அதுக்கப்புறம், 'நிச்சயம் ஆகிவிட்டது.'"

"நிச்சயதார்த்தமா பாட்டி?"

"வேறே என்ன? அதுக்கப்புறம் தியாகராஜருக்கு வரவேற்பு. மாப்பிள்ளை அழைப்புன்னு வெச்சுக்கோ. வீட்டிலே ஒருத்தரைச் சந்திச்சேன், பேசிக்கிட்டிருந்தோம். குடித்தனம் நடக்குது. 'ஒப்பிடாதே.' இதை ஒவ்வொரு மாமியார் வீட்டு வாசல்லேயும் எழுதி ஒட்டணும்! கடைசியிலே, 'எதையும் செய்.' எப்போ சொல்றாங்க பார்த்தியா? எல்லாம் முடிஞ்சு மூட்டு வலி வந்த பிறகு!"

இளையராஜா மனசில் நினைத்தது இது அல்ல என்பது நிச்சயம். ஆனால் பாட்டில் வார்த்தை இல்லாவிட்டால் கேட்கிறவள் தன் வார்த்தையைப் போட்டுக்கொள்கிறாள். அது அவளுடைய உரிமை.

'நீ சுதந்திரமாக இருக்க முடியாது' என்பதை அவள் படித்தபோது எனக்குச் சிவாவின் நினைவு வந்தது. வத்தலக்குண்டில் 1884-ல் பிறந்தவர். சிறையில் தொழுநோய் பற்றியது. நோயைக் காரணம் காட்டி ரயிலில் ஏறக் கூடாது என்று சர்க்கார் தடுத்தது. உடம்பு தேய்ந்த நிலையிலும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். பாரத மாதாவுக்குக் கோயில் கட்ட வேண்டும் என்று இந்தப் பாப்பாரப்பட்டியில் நிலம் வாங்கினார். 1923-ல் சித்தரஞ்சன் தாஸ் வந்து அடிக்கல் நாட்டினார். கட்டடம் எழுவதைப் பார்க்காமலே 1925 ஜூலை 23-ல் சிவா மறைந்தார். நினைவாலயம் எழப் பல பத்தாண்டுகள் ஆயின. தேசத்தின் விடுதலைக்காக ஒருவர் உயிரைக் கொடுத்த ஊரில், ஒரு மணி நேர விடுதலைக்காக ஒரு மருமகள் பட்ட பாடு சின்ன விஷயம்தான். ஆனாலும் அவளுக்கு அது பெரிய விஷயம்.

* * *

மாமியார் விவகாரம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். சண்டை நடக்கவில்லை. நடந்தது வேறு. தினமும், "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டுக்கொண்டு வந்தவர், ஒரு நாள் தாமும் எதிர்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். முதல் நாள் தூங்கிப் போனார். இரண்டாம் நாளும் தூங்கினார். சில நாள் கழித்து ஓர் இடத்தில் கண்ணைத் திறந்து, "இங்கே யாரோ அழுவுறாங்க" என்றாராம். அதற்குப் பிறகு அந்த வீட்டில் மத்தியான வேளையில் இரண்டு பெண்களின் கை சும்மா இருந்தது. மாமா, "ரெண்டு பேருக்குமா உடம்பு சரியில்லை?" என்று கேட்டுப் பார்த்தார். பதில் கிடைக்கவில்லை.

பிற்பாடு ஒரு நாள் தொலைக்காட்சியில் 'வீடு' என்ற படம் போட்டார்கள். பாலு மகேந்திரா இயக்கி 1988-ல் வெளிவந்தது. வேலைக்குப் போகும் சுதா என்ற நடுத்தரக் குடும்பத்துப் பெண், நகையை விற்று, கடன் வாங்கி, செங்கல் செங்கல்லாகச் சொந்த வீடு கட்டப் படும் பாடுதான் கதை. தம் தாயார் வீடு கட்டியதைச் சிறு வயதில் கண்டதுதான் இந்தப் படத்துக்கு வித்து என்று பாலு மகேந்திரா சொல்லியிருக்கிறார். அர்ச்சனா சுதாவாக நடித்துத் தேசிய விருது பெற்றார். தாத்தாவாக வந்த சொக்கலிங்க பாகவதர், பாதி கட்டிய வீட்டை வந்து பார்க்கும் காட்சியை மறக்க முடியுமா? அந்தப் படத்தில் பாட்டே கிடையாது. பின்னணியில் வந்தது 'ஹௌ டு நேம் இட்?' ஆல்பத்தின் சங்கீதம்!

அத்தை துள்ளி எழுந்தாளாம். "நம்ம கேஸட்டு! நம்ம கேஸட்டு!" மாமியார் படத்தை முழுக்கப் பார்த்துவிட்டு, "அன்னிக்கே சொன்னேனே, யாரோ அழுவுறாங்கன்னு. இந்தப் பொண்ணுதான் போலிருக்கு" என்றாராம். எந்தச் சங்கீத விமரிசகரும் இதைவிட நன்றாக எழுதிவிட முடியாது.

அந்த மாமியார் இப்போது இல்லை. மாமாவும் இல்லை. நாடா இரண்டு தரம் அறுந்து, அத்தை அதை ஒட்டி, பென்சிலை விட்டுச் சுற்றி வைத்திருக்கிறாள். அன்றைக்கு டேப் ரிக்கார்டரில் போட்டபோது வயலின் தண்ணீருக்குள்ளிருந்து கேட்பது போலக் கேட்டது. என் மகனுக்கு மனசு கேட்கவில்லை. "பாட்டி, இது செல்போனிலேயே கிடைக்கும்" என்று தேடி எடுத்து வைத்தான். துல்லியமான சத்தம். அத்தையின் முகம் மலர்ந்தது. இரண்டு உருப்படி வரை மலர்ந்திருந்தது. மூன்றாவது வந்ததும் சுருங்கிவிட்டது.

"நிறுத்துடா. இது இப்போ வராது. வரிசை மாறிப் போச்சு."

செல்போனில் வரிசையைக் கலைத்துப் போடும் வசதி ஒன்று இருக்கிறது. பையன் எப்போதும் அப்படித்தான் கேட்பானாம். அத்தை ஒப்புக்கொள்ளவில்லை. "குழம்பு, ரசம், மோருன்னு ஒரு முறை இருக்கில்லே? மோரை ஊத்திட்டுக் குழம்பு போட்டா சாப்பிடுவியா? அவர் அப்படித்தான் பரிமாறியிருக்கார். அப்படித்தான் சாப்பிடணும்."

பையன் வரிசையைச் சரி செய்தான். மூன்று பேரும் வெறும் கையோடு முழுவதும் கேட்டோம். முடிந்ததும் அத்தை, "இப்போ உன் பாட்டை வை. அதுவும் மொதல்லேருந்து" என்றாள். அந்தப் பிரெஞ்சு ஆர்ப்பாட்டத்தை நாற்பது நிமிஷம் அசையாமல் கேட்டாள்! "நம்ம தெருக்கூத்து மாதிரிதான் இருக்கு. ஆனா ஒண்ணு, இந்தக் குழுவுக்கு வீட்டுப் பெரியவர் அந்த மேளக்காரர்தான். அவர் கண்ணைக் காட்டினாத்தான் மத்தவங்க வாயைத் திறக்கறாங்க."

பையன் திகைத்துப் போனான். குழுத் தலைவர் டிரம்காரர் என்பதை அவன் சொல்லவே இல்லை. பிறகு ஒரு கதை சொன்னான். அந்த வாண்டேர் இளைஞராக இருந்தபோது, ஜான் கோல்ட்ரேன் என்ற அமெரிக்க ஜாஸ் மேதையைத் தெய்வமாகக் கொண்டாடினாராம். கோல்ட்ரேன் 1967-ல் நாற்பதாவது வயதில் இறந்தபோது மனம் உடைந்து போனாராம். அந்தத் துக்கம் ஆறிய பிறகுதான் மாக்மா பிறந்தது. அந்தக் கோல்ட்ரேனோ நம் சங்கீதத்தில் மோகம் கொண்டவர். 1961-ல் 'இந்தியா' என்றே ஓர் உருப்படி வாசித்தார். 1965-ல் பிறந்த பிள்ளைக்கு ரவிசங்கரின் பெயரை எண்ணி 'ரவி' என்று பெயரிட்டார்.

"அப்போ இங்கேயிருந்து போனதுதானே சுத்திக்கிட்டு வந்திருக்கு!" என்றாள் அத்தை, கேழ்வரகைப் பற்றிச் சொல்வது போல.

* * *

சென்னைக்குத் திரும்பிய மறு வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சமையலறையை ஒழித்துப் போட்டுவிட்டுக் கூடத்தில் சுவரோரமாக உட்கார்ந்தேன். மகனிடம் சொல்லி 'ஹௌ டு நேம் இட்?' வைக்கச் சொன்னேன். வரிசையாகத்தான். கையில் காய் நறுக்கும் பலகை இல்லை, மடிக்க வேண்டிய துணி இல்லை, செல்போன் இல்லை. முதல் ஐந்து நிமிஷம் கை என்னவோ தேடியது. பிறகு அடங்கிவிட்டது. இரண்டாவது உருப்படி வந்தது. கயிறுகள் பின்னத் தொடங்கின.

உள்ளேயிருந்து என் கணவர் வந்தார். என்னைப் பார்த்தார். கவலையோடு கிட்டே வந்து குனிந்தார்.

"ஏன், உடம்பு சரியில்லையா?"